கழற்றி வைத்த கவர்னர்

ஞாயிறு பூசை முடிந்து, மலைக்குப் போகிற பஸ்ஸுக்காகப் போளூரில் நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு வேன் டிரைவரும், இடுப்பில் குழந்தையோடு அவர் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா, கவர்னரை நான்தான் கழட்டி பரண் மேல வெச்சிட்டேன். இப்ப இன்னா அதுக்கு?" என்றார் அவர்.

நாலைந்து பேர் திடுக்கிட்டுத் திரும்பினோம். வண்டி அளவுக்கு மேல் வேகமெடுக்காமல் தடுக்கிற கருவியைச் சொல்கிறார் என்று பிறகுதான் புரிந்தது.

"இன்னாத்துக்குய்யா கழட்டின?"

"அது இருந்தா வண்டி ஆமையாட்டம் போவுது. மத்தவன்லாம் முந்திக்கினு ஆளுங்கள ஏத்திக்கினு பூட்றான்."

"அடிவார ரோட்டுல லாரிய முந்துறேன்னு எதுர்ல வந்த பஸ்ஸு மேல வுடப் பாத்தியே! புள்ள இன்னும் தூக்கத்துல அலர்றா. உன் வேன்ல நாங்க வர்ல."

"கண்ணாடியில 'இயேசு காப்பார்'னு எழுதியிருக்குதே, பாக்கல?"

"அவரு காப்பாத்தறதுக்குதான்யா அந்தக் கவர்னரயே குடுத்தாரு. நீதான் பரண்ல போட்ட."

ஆமென் என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

பஸ் வந்தது. அவள் குழந்தையோடு ஏறினாள். அவர் வேனில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களும் கூடைகளை எடுத்துக்கொண்டு இறங்கி, அவள் பின்னாலேயே ஏறினார்கள்.

"ஏய், எறங்குமே! மானம் போவுது. நாளைக்கே மாட்டிர்றேன்!"

அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "மாட்டு. நாளன்னைக்கு நானே முன்சீட்ல குந்திக்கினு வர்றேன்."