முன்னால் இருந்த முதுகு

உங்கள் ஸ்டேஷன் பாத்ரூம் சுத்தமாக இருக்கிறது, மேடம். பினாயில் வாசனைகூட வருகிறது. இப்படிச் சுத்தமான இடத்தில்தான் எனக்குக் கோர்வையாகப் பேச வரும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு திருத்தம். உங்கள் ஏட்டு 'முன்பகை காரணமாக' என்று எழுதியிருக்கிறார். அடித்துவிடச் சொல்லுங்கள். எனக்கும் பிரேம்நாத்துக்கும் பகை கிடையாது. ஆம்பூரில் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், ஆறு வருடம் ஒரே படகு.

அந்தப் படகைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இரட்டைக் கயாக் இடுப்பளவுதான் அகலம். ஒருவன் பின்னால் ஒருவனாக இரண்டு பேர். ஐந்நூறு மீட்டர், ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேலே. முன்னால் இருப்பவன் காலால் சுக்கானைத் திருப்புவான்; துடுப்பின் வேகத்தை வைப்பவனும் அவனே. பின்னால் இருப்பவன் அதே நொடியில், அதே ஆழத்தில் துடுப்பைப் போட வேண்டும். முன்னாலிருப்பவனுக்கு எதிரில் தண்ணீர் தெரியும். பின்னாலிருப்பவனுக்கு ஒரு முதுகு தெரியும்.

நான் பின்னால் இருந்தவன்.

வலது தோளுக்குக் கீழே அவனுக்கு ஒரு மரு. அதில் மூன்று முடி. பிடரியில் அழுக்கு வியர்வையோடு சேர்ந்து கறுப்பு நூலாகத் திரண்டு இறங்கும். மூக்கைச் சிந்துவான், காற்று அதை என் பக்கம் கொண்டுவரும். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். துடுப்புப் போடுகிறவர்களுக்கு உள்ளங்கை உரியும். அவன் பந்தயத்துக்குக் காத்திருக்கும்போது அந்தத் தோலைப் பல்லால் கடித்து இழுத்துப் பின்னால் வீசுவான். அது என் முழங்காலில் வந்து ஒட்டும். எச்சில் ஈரத்தோடு, வெள்ளையாக.

ஒருநாள் ஏரியில் பயிற்சியின்போது சொன்னேன். ஏரியே அதிரச் சிரித்தான்.

"இன்னாடா பரிதி, மூஞ்ச சுளிக்கிற? என் தோல்தானே, மாட்டுத்தோலா? மாட்டுத்தோல்னா லேப்ல தடவித் தடவிப் பாப்ப."

நான் தோல் பதனிடும் டேனரியின் லேபில் வேலை பார்ப்பவன். அவனும் முன்பு அங்கேதான் தோல் சுழற்றும் டிரம் ஓட்டினான். பதனிடப் போடும் குரோம் உப்பு அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கை வெடித்து நீர் வடிந்தது. இனி ஜென்மத்துக்கும் தோலைத் தொடாதே என்று வேலூர் டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவன் பெல்ட்கூடத் துணியில்தான் போட்டான். எங்கள் தெருவுக்கே தெரிந்த விஷயம் இது.

முன் இருக்கையை நான் கேட்காமல் இல்லை. கோச் அந்தோணி சாரிடம் நேரடியாகவே கேட்டேன். "பிரேம் எழுந்தா உக்காந்துக்கோ. அவனா எழணும்," என்றார். அவனிடம் கேட்டேன். "முன்னாடி உக்காந்தா நீ யாரடா மொறைப்ப?" என்றான்.

அவனாக எழ வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தேவைப்பட்டது.

எங்கள் லேபில் தோலைச் சோதிக்க ஒரு நாள் முழுக்கச் சூட்டு அடுப்பில் வைப்போம். சரியாகப் பதனிடாத தோல் என்றால் அதிலிருக்கும் குரோம் உடம்பைப் புண்ணாக்கும் விஷமாக மாறிவிடும். அப்படித் தேறாத தோலை ரிஜெக்ட் என்று எழுதித் தனியாகப் போடுவோம். அதில் ஒரு துண்டை எடுத்து வந்தேன். இருக்கைக்கு அளவாக வெட்டி, மேலே மெல்லிய நீலத் துணி வைத்து நானே தைத்தேன். நல்ல தையல். கயாக் இருக்கை வெறும் பிளாஸ்டிக், உட்கார்ந்தால் வலிக்கும். எல்லோருமே மெத்தை வைத்துக்கொள்வார்கள். அவன் பிறந்தநாளுக்குக் கொடுத்தேன்.

"உள்ள இன்னாடா?" என்று அழுத்திப் பார்த்தான்.

"ஸ்பாஞ்சு."

"நீ எனக்கு கிஃப்ட் குடுக்கிறியா? மழ வரும்டா இன்னிக்கு."

இந்த விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய் அதுதான். அவன் ஈர டிரவுசரோடு அதன்மேல் ஆறு வாரம் உட்கார்ந்தான். புண் கையில் வந்திருந்தால் உடனே புரிந்துகொண்டிருப்பான். வந்த இடம் அப்படி, வெட்கப்பட்டான். டாக்டரிடம் காட்டவில்லை, அம்மாவிடம் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் காட்டினான். அப்போது தாய்லாந்தில் ஆசியப் போட்டி. விடுதியில் எனக்கும் அவனுக்கும் ஒரே அறை.

நான் பார்த்ததை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் தோல் கழன்றிருந்தது. மஞ்சளாகச் சீழ், நடுவில் ஓர் இடம் கறுப்பு. சுண்ணாம்புக் குழியில் ஊறிய பச்சைத்தோலின் அதே நாற்றம். ஆனாலும் நான்தான் துடைத்து மருந்து போட்டேன். "நீ இல்லன்னா நான் செத்தேன்டா," என்றான். மறுநாள் காலை மெத்தையைச் சரியாக இருக்கையில் வைத்ததும் நான்தான்.

அப்படியும் அவன் எழவில்லை. முதல் சுற்றில் இரண்டாவதாக வந்தோம். அரையிறுதிக்கு முன் காய்ச்சல். குழு டாக்டர் மாத்திரை கொடுத்தார். பிரேம் அட்டையை என்னிடம் நீட்டினான்.

"இதுல ஊக்கமருந்து எதுனா இருக்குதா பாரு. நீதான் இங்கிலீஷ் படிக்கிறவன்."

போன வருடம் இருமல் மருந்து குடித்து ஒருவன் இரண்டு வருடத் தடை வாங்கியது முகாமில் எல்லோருக்கும் தெரியும். தும்மல் வந்தால்கூட மாத்திரைக்குப் பயப்படுவார்கள். அட்டையைப் படித்தேன். சாதாரண ஆன்டிபயாடிக். தடை செய்த மருந்துப் பட்டியலில் அது கிடையாது.

"இருக்கு," என்றேன்.

பத்து மாத்திரையையும் ஒவ்வொன்றாகப் பிரித்து வாஷ்பேசினில் போட்டான். டாக்டரிடம் சாப்பிட்டதாகச் சொன்னான்.

அரையிறுதியில் அவன் முதுகு நடுங்கியது. இருந்தும் வேகம் குறையவில்லை, மூன்றாவதாக வந்தோம். இறுதிப் போட்டியன்று காலை கண் திறந்தபடி கிடந்தான், என்னைத் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. மாற்று ஆளாக வந்திருந்த ஹஸன் பின்னால் உட்கார்ந்தான். நான் முன்னால் போனேன்.

மேடம், முன்னால் ஒன்றுமே இல்லை. வெறும் தண்ணீர். அவ்வளவு சுத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

ஒன்பது படகில் ஒன்பதாவதாக வந்தோம். எதிர்க்காற்று. நாங்கள் கரை ஏறியபோது, ரத்தத்தில் விஷம் ஏறிப் பிரேம் இறந்துவிட்டதாக அந்தோணி சார் சொன்னார்.

அவன் பையை நான்தான் வீட்டில் கொடுத்தேன். மெத்தை அதில் இருந்தது. எடுத்துப் போட்டிருக்கலாம், அதில் கை வைக்க அருவருப்பாக இருந்தது. அவன் அம்மா கெங்கம்மாள் அத்தை இருபது வருடம் டேனரியில் தோலைத் தரம் பிரித்தவர். துணிக்கு மேலேயே தடவிப் பார்த்துவிட்டுக் கத்தியை எடுத்துத் தையலைப் பிரித்தாராம். "என் புள்ள தோலத் தொட மாட்டானே, இத யாரு தச்சது?" என்று தெருவில் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். பிறகு மெத்தையோடு உங்களிடம் வந்தார்.

ஆக, மெத்தை நான் தைத்தது. மாத்திரை நான் தடுத்தது. அவன் சாகலாம் என்று அந்த அறையில் எனக்குத் தெரியும். மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் விரும்பியது சுத்தம் மட்டும்தான்.

இந்த இரண்டு மாதமாக ஏரியில் நான்தான் முன் இருக்கை. என் கையும் உரிகிறது. துடுப்புப் போடுகிறவன் கை உரியத்தானே செய்யும். வாயால் இழுத்துப் போட்டுவிடுவேன். "அண்ணா, என் மேல வந்து வுழுதுண்ணா," என்று ஹஸன் நேற்றுக்கூடச் சொன்னான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் இருப்பவன் திரும்பினால் படகு கவிழ்ந்துவிடும், மேடம்.