அடுத்த வரி என்ன சார்

எழுதியே கொடுக்கலாம் என்று சொன்னதற்கு நன்றி இன்ஸ்பெக்டர் சார். தட்டுவது, எழுதுவது என்றால் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாயைத் திறந்தால்தான் திக்கும்.

நாங்கள் நாலு பேர். அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு டைப் அடிக்கும் வேலை. அவரவர் வீட்டில் அவரவர் கம்ப்யூட்டர். சேலையூரில் நான், கேம்ப் ரோட்டில் அனுப்பிரியா, பெருங்களத்தூரில் காமு, சிட்லபாக்கத்தில் ஸ்ரீநிவாசராகவன் சார். ஆர்டர் பிடித்தவர் அவர். அவர் சொன்னால் சொன்னதுதான்.

எதற்கு மெசஞ்சர் என்று கேட்டீர்கள். போனில் ஒரே நேரத்தில் நாலு பேரைப் பிடிக்க முடியுமா? மெயிலுக்குப் பதில் வருவதற்குள் கெடு தாண்டிவிடும். குரூப்பில் அப்படி இல்லை. டாக்டர் சொன்னது சரியாகக் காதில் விழாவிட்டால், விழுந்த வரியை மட்டும் மொட்டையாகப் போடுவோம். யாராவது திருத்துவார்கள். காமு ஒருநாள், "சாப்பிட்டதும் வாந்தி" என்று போட்டாள். "சமையல்காரரை மாத்தச் சொல்லு" என்றேன். சிரிப்பு மூஞ்சிகளாக வந்து கொட்டின. அந்த டிங் டிங் சத்தம் கேட்டால் எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளாது. எழுந்து ஓர் ஆட்டம் போட்டுவிட்டுத்தான் உட்காருவேன். வெளியே நாலு பேர் நடுவில் என் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடும். குரூப்பில் நான்தான் ராஜா.

அந்த வெள்ளிக்கிழமை ராகவன் சார் குரூப்பில் எழுதினார்: "திங்கக்கிழமைலேர்ந்து எல்லாரும் எங்காத்து மாடிக்கு வந்துடுங்கோ. மூஞ்சியப் பார்த்து வேலை பண்ணினாத்தான் தப்பு குறையும்."

"செம ஜாலி சார்" என்றாள் அனுப்பிரியா. நானோ மறுபடி வாய்பேசாத குணாவாக ஒரு மூலையில் உட்கார வேண்டும். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அவரிடமிருந்து ஒரு வரி, எங்கள் வழக்கப்படி மொட்டையாக: "நெஞ்சு வலி. இடது கை வரை. வேர்த்துக் கொட்டுகிறது."

"எந்த டாக்டர் ஃபைல் சார்?" என்றாள் காமு. "ஹார்ட் அட்டாக் கேஸ், தெளிவாத்தானே இருக்கு" என்றாள் அனுப்பிரியா. அவர்கள் மேல் தப்பே இல்லை சார். இப்படிப்பட்ட வரிகளைத்தான் நாள் முழுக்கப் பார்க்கிறோம்.

ஃபைல்களைப் பிரித்துக் கொடுப்பவன் நான். அன்று அவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. மாமியை ஸ்ரீரங்கத்துக்கு ரயிலேற்றிவிட்டு வீட்டில் தனியாக இருக்கிறார் என்பதும் தெரியும். சைக்கிளை எடுத்தால் போய்விடலாம்.

"அடுத்த வரி என்ன சார்?" என்று போட்டேன். கூடவே ஒரு கண்ணடிக்கும் மூஞ்சி.

சிரிப்பு கொட்டியது. கொஞ்சம் பொறுத்து, "நிஜமாத்தான்டா குணா" என்று வந்தது.

"பேஷண்டுக்கு நிஜமாத்தானே சார் வலிக்கும்?" என்றேன்.

அத்தனை டிங் நான் ஒருநாளும் கேட்டதில்லை. எழுந்து ஆடினேன். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் எழுதவில்லை.

தெரிந்தே சாகவிட்டாயா என்று கேட்டீர்கள். ஆமாம் சார். ஆனால் அவரை அநாதையாக விட்டுவிட்டதாக மட்டும் எழுதிவிடாதீர்கள். அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்த வரைக்கும், நாங்கள் மூன்று பேரும் அவரோடுதான் இருந்தோம்.