சட்டைத்துண்டுச் சுவர்

— இதுதானா? ட்வைலா, நெசமாவே இதை வச்சுக்கிட்டா வான்கோழி வேட்டைக்கு வரப்போறே? பழைய சாமான்காரன்கூட இதைத் தராசுல போட மாட்டான்.

— சங்கத்துல சேரணும்னா தலைவர்கிட்ட சாமானைக் காட்டணும்னு விதி. காட்டிட்டேன் ரோய்ஸ் அத்தான். பாத்துச் சொல்லுங்க.

— எனக்கே விதி சொல்றியா அம்மணி? பதினாலு வருசமா நான்தான் தலைவர். சரி, இது என்ன? துப்பாக்கியா, தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சற குழாயா?

— ஒத்தைக்குழல். அடகுக்கடையில நூத்திப்பத்து டாலருக்கு வாங்கினேன். ஒரு தடவைக்கு ஒரு தோட்டா.

— ஒரே தோட்டா! அது தப்பிப் போச்சுன்னா? "பரவாயில்ல தாயி, நிதானமா அடுத்ததைப் போடு"ன்னு சேவல் நின்னுக்கிட்டு இருக்குமா?

— தப்பலைன்னா ஒண்ணு போதுமே.

— வாய் மட்டும் அப்படியே உங்கப்பன் கார்லிஸ் வாய். இந்தக் கந்தல் எதுக்கு?

— கொசுவலை அத்தான். முகத்தை மூட. அக்ரூட் தோலை வேகவச்சுச் சாயம் ஏத்தினேன். இந்தப் பறவைக்குக் கண்ணு ரொம்பக் கூர்மை, வெளுத்த மூஞ்சி தெரிஞ்சா வராது.

— அக்ரூட் சாயம்! என் மேலங்கியைப் பாத்திருக்கியா? அளவெடுத்துத் தச்சது. மொத்தம் இருபத்திரண்டு பை.

— பாத்திருக்கேன். அதுல இருபது பையில மிட்டாய்த் தாள்தான் இருக்குன்னு அக்கா சொன்னா, துவைக்கறப்போ.

— உங்கக்கா லோர்னாவுக்கு வேற வேலை இல்ல. இந்தத் தலையணை? வேட்டைக்கா, தூங்கவா?

— உக்கார. ஓக் மரத்துல முதுகைச் சாச்சு மூணு மணி நேரம் அசையாம இருக்கணுமே. ஈரத்தரையில முடியுமா?

— பள்ளிக்கூடத்துல சோறு போடறவளுக்கு வந்த ஆசையைப் பாரு. சரி, இந்த மரப்பெட்டி. இதை வச்சுத்தான் சேவலைக் கூப்பிடப் போறியாக்கும்.

— தீவனக்கடையில பதினஞ்சு டாலர். மூடிக்குக் கொஞ்சம் சாக்குக்கட்டி தடவி உரசினா பெட்டை மாதிரியே பேசுது. இழுத்துக் காட்டட்டுமா?

— வேணாம் தாயி, காது வலிக்கும். பெட்டை எப்படிக் கூப்பிடும்னு தெரியுமா உனக்கு? நெசப் பெட்டை? நான் கேட்டேன். வேட்டை தொறந்த மொத நாள், கேன் ஓடைக்கரையில.

— அப்படியா? எப்படி இருந்துச்சு?

— பெட்டை மாதிரி கத்தற ஊதலை நான் ஊதறேன், அது பதில் சொல்லுது. ஒரு மணி நேரம் அம்மணி! கொஞ்சுது, சலிச்சுக்குது, மறுபடி கொஞ்சுது. நாப்பது வருசத்துல அப்படி ஒரு குரல் நான் கேட்டதில்ல. அதெல்லாம் பதினஞ்சு டாலர் பெட்டியில வருமா?

— வராதுதான். அப்புறம் என்ன ஆச்சு?

— என்ன ஆகும்? பறந்துடுச்சு. நானும் எந்திரிச்சு வந்துட்டேன்.

— சுடலையா?

— பெட்டையைச் சுட்டா அபராதம்னுகூடத் தெரியல, நீ வேட்டைக்கு வரே. காட்டுக்குள்ள சிவப்பு போடக் கூடாதுன்னாவது தெரியுமா? சேவல் தலை சிவப்பு. காலுறையில ஒரு கோடு சிவப்பா இருந்தாலும் எவனாவது பறவைன்னு நெனச்சுச் சுட்டுடுவான். நான் ஒவ்வொருத்தன் கால்சட்டையையும் தூக்கிப் பாத்துட்டுத்தான் உள்ள விடுவேன்.

— அதை நானும் கத்துக்கிட்டேன் அத்தான். நல்லாவே.

— நல்லது. இப்ப அந்தச் சுவரைப் பாரு. தொங்கறதெல்லாம் என்ன?

— சட்டைத்துண்டு. குறி தப்பினவங்க சட்டைப் பின்பக்கத்தை வெட்டி ஆணியடிச்சது. மேல பேரு, தேதி, எதைத் தப்பவிட்டாங்கன்னு எழுதியிருக்கு. அப்பாவோடது மட்டும் மூணு.

— என்னுது எத்தனை? தேடு, தேடு. ஒண்ணுகூடக் கிடைக்காது. அதான் நான் தலைவர். உங்கப்பன் போனதுலேருந்து அவர் நாற்காலி காலியாத்தான் இருக்கு, ஆனா அது உனக்கு இல்ல. டிரக் விக்கறவர் ஒருத்தர் கேட்டிருக்கார். பாக்க லட்சணமா சாமான் வச்சிருக்கார். நீ போய் வாசல்ல மீன் பொரிக்கற ஹாய்ட்டுக்கும் மத்தவங்களுக்கும் ஒத்தாசை பண்ணு.

— அந்த நாற்காலிக்காகத்தான் வந்தேன், அதுல உக்காராம போக மாட்டேன். இந்தக் காலித் தோட்டா யாரோடது அத்தான்?

— ...எங்க கிடைச்சுது?

— கேன் ஓடைக்கரையில. ஊதா நிறம், தங்கப்பூண். ஒண்ணு பன்னெண்டு டாலர்னு நீங்க ஈஸ்டர் விருந்துல எல்லார் கையிலயும் குடுத்துக் காட்டினீங்களே, அதே ரகம். இந்தச் சங்கத்துல வேற யாரு இதை வாங்கறாங்க?

— மெதுவாப் பேசு. கதவு தொறந்திருக்கு.

— சுட்டீங்களா இல்லையா?

— சுட்டேன். போதுமா? பெட்டை பின்னால ஒரு சேவல் வந்துச்சு. தலை மட்டும் தெரிஞ்சுது, செக்கச்செவேல்னு ஆடிக்கிட்டு. சுட்டேன், விழல. நாப்பது வருசத்துல ஒரே ஒரு தடவை! அதுக்காக என் சட்டை இந்தச் சுவர்ல தொங்கணுமா?

— எல்லாரோடதும் தொங்குதே.

— இங்க பாரு கண்ணு. டிரக்குக்காரரை வேணாம்னு சொல்லிடறேன். நாற்காலி உனக்கு. தோட்டாவை இப்படிக் குடு.

— ஓ! இப்ப கொசுவலை பரவாயில்லையா? தலையணையும்? ஹாய்ட் பெரியவரே! எல்லாரும் உள்ள வாங்க! கத்தரிக்கோலையும் எடுத்துக்கிட்டு வாங்க!

— கத்தரியா? யாரு சட்டைம்மா? கையெல்லாம் எண்ணெய், இரு இரு, தொடச்சுக்கறேன்.

— தலைவர் சட்டை, பெரியவரே.

— ரோய்ஸா! அடேய், நெசமாவா? எண்பது வயசு வரைக்கும் இதுக்குத்தானடா உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருந்தேன்! திரும்பு, திரும்பு, முதுகைக் காட்டு.

— சிரிக்காதீங்க ஹாய்ட். பெரிய சேவல். யாரா இருந்தாலும் தப்பும்.

— அந்தச் சேவல் தலையைப் பெரியவர் பாக்கட்டும் அத்தான். இந்தாங்க.

— இது கைக்குட்டைம்மா. கார்லிஸோட சிவப்புக் கைக்குட்டை. ஏன் இத்தனை ஓட்டை?

— அத்தான் தோட்டாவிலேருந்து சிதறின ஏழு ரவை. மகரந்தம் ஏறித் தும்மலா வந்துச்சு. மூக்கைத் துடைச்சுப் பக்கத்துக் கிளையில காயப்போட்டேன். புத்தியில்லாம செஞ்சதுதான், ஒத்துக்கறேன். பத்தடி தள்ளி நான் உக்காந்திருந்தேன்.

— பொய்! அங்க ஆளே இல்ல! அங்க அந்தப் பெட்டைதான்...

— பெட்டி இதோ இருக்கு, கேளுங்க. க்யாவ்க்... க்யாவ்க், க்யாவ்க்... இந்தக் குரல்தானே? நானும் உங்களைப் பெட்டைன்னுதான் நெனச்சேன். சளி பிடிச்ச பெட்டைன்னு.

— ஐயோ... வேட்டைக்கு வரவங்க மாட்டற பலகையில உன் பேர் வில்லை எதுவும் மாட்டலையே நீ! யாரு எங்க இருக்காங்கன்னு பலகையைப் பாத்துட்டுத்தானே போனேன்!

— நான்தான் அவ அப்பன் வில்லையை மாட்டிக்கச் சொன்னேன் ரோய்ஸ். பலகையில அந்த ஓக் மரத்துக்குன்னு இருக்கற ஆணியில தொங்குச்சே, பாக்கலையா நீ?

— பாத்தேன்! செத்தவர் பேரு தொங்கினா, ஞாபகத்துக்கு மாட்டியிருக்காங்கன்னுதானே நெனப்பேன்?

— நான் மண்ணுல மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டுக் கிடந்தேன் அத்தான். சுட்டவர் வந்து பாப்பாருன்னு நெனச்சேன். நீங்க ஓடின சத்தம்தான் கேட்டுச்சு. அன்னையிலேருந்து கதவு அடிச்சா உடம்பு தூக்கிப்போடுது. இருந்தாலும் நாளைக்குக் காலையிலயும் அதே மரத்தடிக்குத்தான் போவேன்.

— வெட்டியாச்சும்மா. அழாதேடா ரோய்ஸ், நேரா நில்லு. பேரு எழுதிட்டேன், தேதி எழுதிட்டேன். எதைத் தப்பவிட்டான்னு போடறது?

— என் பேரைப் போடுங்க பெரியவரே.