மூன்றாவது வாய்தா

எனக்கு நாற்றுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாது. இதைச் சொல்ல வெட்கமில்லை. நான் விமானம் ஓட்டுகிறவன். ஆனால் எழுபத்திரண்டாம் வருஷம், மன்னார்குடிப் பக்கத்தில் உள்ள எங்கள் ஒரு வேலி நிலத்தை நானே இறங்கி உழுது பயிரிடுவதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

உழுகிறவரைக் குத்தகைதாரராகப் பதியும் சட்டம் வந்திருந்த நேரம் அது. இருபது வருஷமாக எங்கள் நிலத்தை உழுத இராஜாங்கம் தாலுகா அலுவலகத்தில் மனுப் போட்டுவிட்டார். இரண்டு வாய்தாவுக்கு நான் போகவில்லை. மூன்றாவதுக்கும் வராவிட்டால் அவர் பெயரைப் பதிந்துவிடுவதாக நோட்டீஸ் வந்தது. அதனால் வாய்தா அன்று காலைத் திருச்சி விமானத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். எட்டரைக்கு இறங்கி, கார் பிடித்து, மதியம் விவசாயியாக நிற்பதாகத் திட்டம். பையில் ஒரு வேட்டியைக் கசக்கி, கொஞ்சம் மண்ணும் பூசி வைத்திருந்தேன். அவ்வளவு முன்யோசனைக்காரன்.

திருச்சியில் புயல் மழை. இரண்டு முறை தாழப் போயும் ஓடுபாதை தெரியவில்லை. இரண்டுக்கு மேல் முயலக் கூடாது, வேறு ஊருக்குத் திருப்ப வேண்டும் என்பது கம்பெனி விதி. புதியவர்களுக்கு அந்த விதியைப் பாடம் எடுத்தவனே நான்தான்.

துணை விமானி செல்லதுரை என்னிடம் படித்தவர். முத்துப்பேட்டைப் பக்கம், கூலி விவசாயக் குடும்பம்.

"மதுரைக்குப் போயிடலாம் சார். அங்க வானம் தெளிவா இருக்காம்" என்றார்.

"நம்ம ஊர் மழை எனக்குத் தெரியாதாப்பா?"

"முப்பத்தெட்டு பேர் இருக்காங்க சார்."

"நெலத்துக்கு இன்னைக்கு வாய்தா" என்று உண்மையைச் சொன்னேன். அதன்பிறகு அவர் உயரத்தை மட்டும் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் முறை இறக்கினேன். விமானம் தண்ணீரில் வழுக்கி, ஓடுபாதையைத் தாண்டி, மதிலில் வலப்பக்கமாக மோதியது. வலப்பக்கம் அவருடைய இருக்கை. பயணிகளுக்குக் கை கால் முறிவோடு போயிற்று. எனக்கு நெற்றியில் ஐந்து தையல். செல்லதுரை அங்கேயே இறந்துவிட்டார். தாலுகா அலுவலகத்துக்கு அன்று புயல் விடுமுறையாம். மறுநாள் ஆஸ்பத்திரியில் தெரிந்துகொண்டேன்.

பேச்சைப் பதியும் கருவி அந்த விமானத்தில் கிடையாது. இறக்கியது யார் என்று விசாரணைக் குழு கேட்டது. அவர்தான், நான் சொல்லியும் கேட்கவில்லை என்றேன். யோசித்துப் பாருங்கள்: இறந்தவருக்கு வேலை போகப் போவதில்லை, எனக்குப் போகும். துணை விமானியைக் கட்டுப்படுத்தத் தவறியதாக எனக்கு ஒரு மாதம் பறக்கத் தடை விதித்தார்கள். தள்ளிப்போன வாய்தாவுக்கு அந்த மாதம்தான் ஓய்வாகப் போய், அந்த வேட்டியோடு நின்று, இராஜாங்கத்தின் மனுவைத் தள்ளுபடி செய்ய வைத்தேன்.

செல்லதுரையின் தாயார் ராசம்மாள் ஒருநாள் வீடு தேடி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என் தழும்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எம் புள்ளையால உங்களுக்கு இப்புடி ஆயிப்போச்சுங்களே ஐயா. அவன மன்னிச்சிருங்க" என்று கைகூப்பினார்.

"மன்னிச்சுட்டேம்மா" என்றேன்.

வாய்வார்த்தைக்குச் சொல்லவில்லை. மனதாரத்தான் மன்னித்தேன். இன்றுவரை செல்லதுரை மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.