பருப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒரு நாவல்

நம்ம நூலகக் கூட்டத்துல மூணாவது வரிசையில இருந்து ஐயா எழுந்து கேட்டாரு பாருங்க ஒரு கேள்வி. "அமெரிக்காவுல குடியேறின மெக்சிகோக்காரங்க வீட்டுக் கதை, காதல் கதை... இதையெல்லாம் தமிழ்ல கொண்டாந்து நம்ம நூலகத்துல எதுக்கு வைக்கிறீங்க? இதைப் படிச்சு எம் பொண்ணு கெட்டுப் போயிட்டா என்ன பண்றது?"

நியாயமான சந்தேகம். கோவப்படல ஐயா. ஆனா பதிலுக்கு முன்னாடி ஒரு சின்ன சமாச்சாரம் சொல்லிடறேன், காது குடுங்க.

சாத்தூர் பக்கம் ஒருத்தர். பேரு இருளப்பன். பஸ்ஸுல டிக்கெட் செக்கர். திடீர்னு ஏறுவாரு... "எங்க ஏறுனீங்க? எங்க இறங்கணும்?" அவ்வளவுதான் பேச்சு. முகத்தைப் பாத்தே யாரு டிக்கெட் எடுக்கலன்னு சொல்லிடுவாரு. இருபது வருஷம் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு, மனுஷனுக்கு வீட்டுக்கு வந்தாலும் யூனிஃபார்ம் கழலும், சந்தேகம் கழலாது!

ஒரு நாள் சாயங்காலம். வீட்டம்மா காளீஸ்வரி கோயிலுக்குப் போயிருந்தாங்க. இவருக்கு டீ குடிக்கணும். வாழ்க்கையில முதல் தடவையா அடுப்படிக்குள்ள போறாரு... சிரிக்காதீங்க, ஆம்பளைங்களே! சர்க்கரை எங்க இருக்குன்னு தெரியல. ஒவ்வொரு டப்பாவா தள்ளுறாரு. பருப்பு டப்பாவுக்குப் பின்னாடி... பிரவுன் அட்டை போட்ட ஒரு புத்தகம்.

பிரிச்சாரு. நூலகப் புத்தகம். மெக்சிகோக்காரங்க குடும்பத்துப் பொண்ணு ஒருத்தியோட கதை. மகள் பவதாரணி பேருல எடுத்தது. பன்னெண்டாவது படிக்கிற பிள்ளை! கடைசிப் பக்கத்துல தேதிச் சீட்டு... மூணு தடவை புதுப்பிச்சிருக்கு. செக்கர் கண்ணு சும்மா இருக்குமா? "ஒரு கதைப் புத்தகத்தை எதுக்கு மூணு தடவை?" பக்கத்தைப் புரட்டுனா, பென்சில்ல கோடு. கோட்டோரம் மஞ்சக் கறை.

முதல் கோடு. "அவன் என்னைப் பார்த்தபோதுதான், நான் அழகு என்று எனக்கே தோன்றியது."

போச்சு! யாருடா அவன்?

அடுத்த கோடு. "இந்த வீட்டைவிட்டுப் போய்விடலாம் என்று காலையில் தோன்றும்."

அதுக்கு மேல படிக்கல. எதுக்குப் படிக்கணும்? கையும் களவுமா புடிச்சாச்சுல்ல!

புள்ள டியூஷன் முடிஞ்சு வாசல்ல செருப்பைக் கழட்டுது. "யாரு அந்தப் பையன்?"

"எந்தப் பையன்ப்பா?"

"நடிக்காத. இது யாரு போட்ட கோடு?"

புத்தகத்தைப் பாத்துச்சு. முகம் வெளுத்துப் போச்சு. "நான் போடலப்பா."

"அப்ப யாரு போட்டா?"

தலையைக் குனிஞ்சுகிச்சு. இவருக்கு அது போதும். டிக்கெட் இல்லாதவன் தலையும் இப்படித்தான குனியும்!

"நாளையிலேர்ந்து பள்ளிக்கூடம் கிடையாது. உங்க அத்தைகிட்டப் பேசிடறேன். வைகாசியில கல்யாணம்."

யோசிச்சுப் பாருங்க தாய்மார்களே... பரீட்சைக்கு ஒரே மாசம். நர்ஸிங் படிக்கணும்னு கனவு கண்ட பிள்ளை. ஒரு பென்சில் கோட்டுல எல்லாம் முடிஞ்சுபோச்சு. அப்பவும் அது யாரையோ காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு நிக்குது.

அந்த நேரம் பாத்து காளீஸ்வரி உள்ள வர்றாங்க. கையில விபூதிப் பொட்டலம். புருஷன் கையில புத்தகம். மக கண்ணுல தண்ணி. புரிஞ்சுபோச்சு.

"அவளை விடுங்க. எனக்காகத்தான் அவ பேருல எடுத்தா. கோடு நான் போட்டது."

இவரு சிரிச்சாரு. "மகளைக் காப்பாத்தப் பொய் சொல்றியா? உனக்கெதுக்குடி கதைப் புத்தகம்?"

அந்தம்மா சண்டை போடல. புத்தகத்தை வாங்கி அதே பக்கத்தைப் பிரிச்சாங்க. "முழுசாப் படிச்சீங்களா? இது அந்தப் பொண்ணோட அம்மா சொல்றது." நின்னபடியே படிச்சாங்க... "இந்த வீட்டைவிட்டுப் போய்விடலாம் என்று காலையில் தோன்றும். சாயங்காலம் பார்த்தால், எல்லோருக்கும் சோள ரொட்டி சுட்டுக்கொண்டிருப்பேன்."

இருளப்பன் அந்த வரியை எட்டிப் பாத்தாரு.

"ரொட்டி சுடுறது உங்க மகளாங்க? நானுங்க."

இவரு குரல் எறங்கிப்போச்சு. "அப்ப... அந்த மொதக் கோடு?"

"அதுவும் நான்தான். பொண்ணு பாக்க வந்தன்னைக்கு நீங்க என்னை அப்படிப் பாத்தீங்க. அதுக்கப்புறம் பாக்கல. என் கை மஞ்சக் கறையப் பாத்தும் உங்களுக்கு என் ஞாபகம் வரலையே... இருபது வருஷமா ஊருல உள்ள அத்தனை பேருகிட்டயும் எங்க போகணும்னு கேட்டிருக்கீங்க. என்கிட்ட ஒரு தடவை கேட்டிருப்பீங்களா?"



அவரு உக்காந்துட்டாரு. மெதுவா... "எங்க போகணும் காளி?"

அந்தம்மா, "யோசிச்சுச் சொல்றேன்"னாங்க. யாரும் கேக்காத கேள்விக்கு யாருங்க பதில் தயாரா வச்சிருப்பா? ஆனா ஒண்ணு மட்டும் உடனே சொன்னாங்க. "அவ நாளைக்குப் பள்ளிக்கூடம் போவா." போனா. இப்ப நர்ஸிங் ரெண்டாவது வருஷம்.

ஐயா, இதை எதுக்குச் சொன்னேன்? ஏதோ ஒரு கண்டத்துல ஏதோ ஒரு அம்மா சுட்ட ரொட்டி, சாத்தூர்ல ஒரு அம்மாவுக்கு "நானும் ஒரு மனுஷி"ன்னு சொல்லிக் குடுத்துச்சு. அதுக்குத்தான் அந்தப் புத்தகம் நம்ம நூலகத்துல இருக்கு. சந்தேகப்படுங்க, வேண்டாங்கல. ஆனா பாதி வரியைப் படிச்சுட்டுத் தீர்ப்பு எழுதாதீங்க. பிள்ளைங்க பையைத் துழாவுற நேரத்துல, அடுப்படிக்குப் போய், "உனக்கு எங்க போகணும்?"னு ஒரு வார்த்தை கேளுங்க.

அது சரி... உங்க வீட்டம்மா வந்திருக்காங்களா ஐயா? பெண்கள் பக்கம் ஓரமா உக்காந்து, ரொம்ப நேரமா கண்ணைத் துடைக்கிறாங்களே... அவங்களா?