சட்டைப் பொத்தான் அளவு

மனைவி: கையை விடுங்க! குனிஞ்சு ஒரு குரல் குடுத்துடுறேன். அவரு உடனே மேல ஏறி வரணும்.

கணவன்: இப்பதானே இறங்கினாரு! வாங்க வந்த மனுசன், ‘நானே சென்சாரை மாட்டிக்கிட்டு இறங்கிப் பாக்குறேன்’னு ஆசையாப் போயிருக்காரு...

மனைவி: அது தண்ணித் தொட்டிங்க! ஜெனரேட்டர் புகையை வேற குழாய் வச்சு உள்ள விட்டிருக்கீங்க!

கணவன்: நீ செஞ்ச சென்சார் அவரு சட்டையில இருக்குல்ல? விஷவாயு நூறைத் தாண்டினா கத்தப் போகுது. அப்புறம் என்ன பயம்?

மனைவி: அதான்... அதான் பயமே.

கணவன்: இந்த ஆர்டர் கை நழுவுச்சுன்னா பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். ஞாபகம் இருக்கட்டும்.

மனைவி: அதுக்காக ஒரு உசுரைக் காவு குடுக்குறதா?

கணவன்: ஸ்கிரீனைப் பாரு. ஐம்பது! ஆடாம அசையாம நிக்குது. சட்டைப் பொத்தான் அளவுல சென்சார்... யாரால முடியும்? எம் பொண்டாட்டியால முடியும்!

மனைவி: இப்பவும் ஐம்பதா? அது எப்படிங்க ஐம்பது காட்டும்?

கணவன்: நீதானே எனக்குச் சொல்லிக் குடுத்தே? ஓட்டை வழியா வாயு போகும், அமிலத்துல நனைஞ்ச தகட்டுல படும், துளியூண்டு கரண்ட் ஓடும்...

மனைவி: தகடு இருந்தாத்தானே!

கணவன்: ...என்னது?

மனைவி: மெதுவா! தொட்டிக்குள்ள எல்லாம் கேக்கும்.

கணவன்: மூணு தகடு வச்சேன்னு சொன்னியே!

மனைவி: மூணு வச்சா மூடி மூடல. ஒண்ணை எடுத்தேன். அப்பவும் பொத்தான் அளவுக்கு வரல. இன்னொண்ணையும் எடுத்தேன். மிச்சம் இருந்தது தனியா என்ன பண்ணும் பாவம்... அதையும் எடுத்துட்டேன்.

கணவன்: அமிலம்?

மனைவி: அந்த எடத்துல ஒரு சொட்டுக்கு மேல பிடிக்காது. காலையில பாத்தா காஞ்சு கெடக்கு.

கணவன்: அப்ப உள்ள என்னதான் இருக்கு?

மனைவி: ஓட்டை இருக்கு. மூடி இருக்கு.

கணவன்: அடிப்பாவி!

மனைவி: அளவு சரியான்னு பாக்கத்தாங்க அந்த வெறும் டப்பாவை உங்க மேசையில வச்சேன். நீங்க சோதனை பண்ணிட்டு, ‘ஐம்பது காட்டுது’ன்னு துள்ளிக் குதிச்சுக்கிட்டு வந்தீங்க. வாங்குறவருக்குப் போனும் போட்டுட்டீங்க.

கணவன்: அப்பவே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?

மனைவி: நானே நம்பிட்டேங்க! எல்லாத்தையும் எடுத்தாத்தான் ஒழுங்கா வேலை செய்யும் போலன்னு... அது ஏன் அப்படின்னு உக்காந்து கணக்குப் போட்டுப் பாத்தேன்.

கணவன்: வந்துச்சா?

மனைவி: கிட்டத்தட்ட வந்துடுச்சு!

கணவன்: கிழிஞ்சுது போ.

மனைவி: ஐயா! ஐயா! மேல ஏறி வாங்க! ...ஐயோ, பதிலே இல்லையே. மயங்கிட்டாரா? என்னங்க மரம் மாதிரி நிக்கிறீங்க! இறங்குங்க!

கணவன்: மயங்க மாட்டாரு.

மனைவி: உங்களுக்கு எப்படித் தெரியும்?

கணவன்: புகை போனாத்தானே மயங்குறதுக்கு? குழாயோட இந்த முனை தொட்டியில இருக்கு. அந்த முனை... சும்மா சுவத்துல தொங்குது.

மனைவி: புகையே இல்லையா? அப்ப அந்த ஐம்பது?

கணவன்: அது... நான் போட்டது.

மனைவி: போட்டதுன்னா?

கணவன்: சோதனை அறையில வாயுவைத் திறந்து விட்டேன். பூஜ்யம். திரும்பவும் விட்டேன், பூஜ்யம். நீ செஞ்சது தப்பா இருக்குமா? நான்தான் சிலிண்டரைச் சரியாத் திறக்கலைன்னு நினைச்சேன். உன்கிட்ட சொன்னா, ‘ஒரு திருகைத் திருகக்கூடத் துப்பில்லையா’ன்னு கேப்பே. அதான்... சென்சார் என்ன சொன்னாலும் ஐம்பதே வர்ற மாதிரி ஸ்கிரீனைப் பண்ணிட்டேன்.

மனைவி: என் மேல அவ்வளவு நம்பிக்கையா உங்களுக்கு?

கணவன்: உன்னை நம்பாம வேற யாரை...

மனைவி: கொஞ்சுற நேரமாங்க இது! புகையே இல்லைன்னா அந்த மனுசன் ஏன் வாயைத் திறக்கல?

தொட்டிக்குள்ளிருந்து: ...இருங்கம்மா, வந்துடுறேன். மூடி எங்கேயோ உருண்டு போச்சு, தேடிக்கிட்டிருக்கேன்.

மனைவி: எந்த மூடி?

கணவன்: ஐயா... சென்சாரைப் பிரிச்சுட்டீங்களா?

தொட்டிக்குள்ளிருந்து: கோவிச்சுக்காதீங்க. நான் வாங்குறவன் இல்ல, எனக்கும் இதே தொழில்தான். எவ்வளவு நசுக்கினாலும் என்னோடது தீப்பெட்டி அளவுக்குக் கீழ வர மாட்டேங்குது. வேற யாராவது பொத்தான் அளவுல செஞ்சு காட்டினா, யார் கண்ணுலயும் படாம பிரிச்சு உள்ள என்னன்னு பாத்துக்கலாம்னுதான் ஆர்டரே குடுத்தேன், தொட்டிக்குள்ளயும் நானே இறங்கினேன்... பிரிச்சுப் பாத்தா அழுகையே வந்துடுச்சு. சரி, அது போகட்டும் தம்பி... அந்த ஸ்கிரீன் என்ன விலை?