மைனஸ் முக்கால்

ஹலோ... ஹலோ, அக்கா? கேக்குதா? ... ஆமா, கண்ணாடிக் கடையிலதான் இருக்கேன். ... டெஸ்ட் முடிஞ்சுது. ... இல்ல இல்ல, பெருசா ஒண்ணுமில்ல. கிட்டப்பார்வையாம். மைனஸ் முக்கால். ரெண்டு கண்ணுலயும். ... கண்ணாடி போட்டே ஆகணுமான்னுதான் நானும் கேட்டேன். "போட்டா நல்லது, போடலைன்னாலும் ஓட்டிடலாம்"ங்கறார் கடைக்காரர். இப்படிச் சொன்னா நான் என்னத்த முடிவு பண்றது? அதான் உனக்குப் போன் போட்டேன்.

... ஐயோ, அதை ஏன் கேக்குற! குமட்டுதுக்கா. மனுஷன் வெங்காயத்தைத் தின்னுட்டு வந்து மூக்குக்கு நேரா நின்னுக்கிட்டு "எழுத்து தெரியுதா, தெரியுதா"ன்னா, எழுத்தா தெரியும்? கண்ணுல தண்ணிதான் வருது. இப்ப ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டிவிட்டிருக்கார், லென்ஸை மாத்தி மாத்திச் செருகிப் பார்க்கிறது. எத்தனை பேர் மூக்குல உக்காந்து எழுந்ததோ, பிசுபிசுங்குது. காதுல மாட்டுற இடத்துல... வேண்டாம், நீ சாப்பிட்டுக்கிட்டு இருப்ப.

... ஆமா ஆமா, மெதுவாத்தான் பேசுறேன். கடைக்காரர் உள்ள போயிருக்கார்.

... இல்லக்கா, வாங்குறதுல ஒரு சிக்கல் இருக்கு. உன்கிட்டகூடச் சொல்லல. ... கத்தாதே, சொல்றேன். போன வாரம் வாலிபால் மேட்ச்சுக்கு, பி.டி. டீச்சர்னு நான்தானே அம்பயர்? ... எங்க ஸ்கூல் இல்ல, வேற ரெண்டு ஸ்கூல் பொண்ணுங்க. கடைசிப் பாயிண்ட். பந்து அந்தக் கோடி மூலையில விழுந்துச்சு. கோடு எனக்கு மசமசன்னு இருந்துச்சு. எல்லாரும் என் மூஞ்சியவே பார்க்கிறாங்க. தெரிஞ்ச மாதிரி உள்ளேன்னு கையைக் காட்டிட்டேன். ... சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. உள்ளயா வெளியயான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

... ம்... ம்... தோத்த ஸ்கூல்காரங்க சும்மா விடுவாங்களா? அம்பயருக்குக் கண்ணு தெரியலன்னு புகார் குடுத்துட்டாங்க. திங்கக்கிழமை எங்க எச்.எம். விசாரிக்கக் கூப்பிட்டிருக்காங்க. இப்பப் போய்க் கண்ணாடியை மாட்டிக்கிட்டு நின்னா நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம். ... வேற யாரு, எங்க வீட்டுக்காரர்தான் சொன்னார். "பந்து உள்ளதான் விழுந்துச்சுன்னு அடிச்சுச் சொல்லு, உன் கண்ணுக்கு என்ன குறைச்சல்"னார். ... ஆமா, நீ பிடிச்சுத் தள்ளினதாலதான் டெஸ்டுக்கே வந்தேன். "சும்மா பார்த்துட்டு வா, வாங்கிடாதே"ன்னுதான் கூட்டிக்கிட்டு வந்தார். ... இல்ல, வேற யாருக்கும் தெரியாது. சமையல்கட்டுல உக்காந்து அழுதுக்கிட்டே அவர்கிட்ட மட்டும்தான் சொன்னேன். மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன்.

சொல்லுங்க சார். ... வாசல்ல நின்னு தெருவைப் பார்க்கணுமா? சரி சார். ... அக்கா, லைன்லயே இரு. இதோட நடந்து பார்க்கச் சொல்றார்.

... தெரியுதுக்கா. நல்லாவே தெரியுது. எதிர்ல ஜூஸ் கடை... ஐயே! ஐயய்யே! கழுத்தைத் துடைச்ச துணியாலயே அந்த ஆள் கிளாஸைத் துடைக்கிறான்க்கா! நான் ஸ்கூல் விட்டு வரும்போதெல்லாம் அங்கதான் குடிக்கிறேன். உவ்வே! ... சிரிக்காதே. ... ஆமா, அவரும் அங்கதான் வண்டிமேல சாஞ்சுக்கிட்டு நிக்கிறார். கூட என் கொழுந்தன். அவர் தம்பிகிட்ட என்னமோ பெருசா கதை விட்டுக்கிட்டு...

... இரு.

... ஒண்ணுமில்ல. கொஞ்சம் இரு.

... அக்கா, அவர் விசில் ஊதுற மாதிரி வாய்ல கையை வச்சுக் காட்டுறார். ... இப்பக் கண்ணை இடுக்குறார். கழுத்தை நீட்டி, வாயைப் பொளந்து... கையைக் கீழ காட்டுறார். உள்ளேயாம். ... வேற யாரை நடிச்சுக் காட்டுவார், என்னைத்தான். அவங்க வீட்ல விசில் ஊதுற பொம்பளை வேற யாரு இருக்கா? ... கொழுந்தன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறான். இன்னொரு தரம் காட்டச் சொல்றான் போல. ... காட்டுறாருக்கா! திரும்பவும் காட்டுறார்! இந்தத் தடவை நான் அழுததையும் சேர்த்து. இல்லாத முந்தானையால மூக்கைச் சிந்துறார்.

... விளையாட்டா? நீ அவருக்குப் பரிஞ்சுக்கிட்டு வராதே. ... கோபம்கூட வரல எனக்கு. அருவருப்பா இருக்கு. பாதி சாப்பிட்டப்புறம் தட்டுல புழுவைப் பார்த்த மாதிரி இருக்கு. ... இந்த லென்ஸ் இல்லன்னா நீலச் சட்டைக்காரர் நிக்கிறார், கை ஆடுது, அவ்வளவுதான் தெரிஞ்சிருக்கும். என்னைத்தான் கூப்பிடுறார்னு நானும் பதிலுக்குக் கையை ஆட்டியிருப்பேன்.

... திங்கக்கிழமையா? அதை நினைச்சாலும் அருவருப்பாத்தான் இருக்கு. பார்க்காததைப் பார்த்தேன்னு அடிச்சுச் சொல்ல இருந்தேன் பாரு, என்னைச் சொல்லணும். ... போகட்டுமே. இனிமே அம்பயரா கூப்பிட மாட்டாங்க, அவ்வளவுதானே? ... வேலைக்கே ஆபத்துன்னா அப்பப் பார்த்துக்கலாம். அந்தப் பொண்ணுங்க மறுபடியும் ஆடட்டும். ... ஆமா. ஆமாக்கா, முடிவு பண்ணிட்டேன்.

சார், இங்க வாங்க. ... போட்டுடலாம் சார். ... அந்தக் கறுப்பு ஃபிரேம். ... முகத்துக்கு எப்படி இருந்தா என்ன சார், கீழ விழாம நின்னாப் போதும், ஓடுற வேலை. ... நாளைக்குச் சாயங்காலமா? சரி.

... அக்கா, இருக்கியா? தெருவைத் தாண்டி வந்துக்கிட்டிருக்கார். என்னைப் பார்த்துட்டார். சிரிச்சுக்கிட்டே கையை ஆட்டுறார். ... நான் ஆட்டல.

... வைக்காதே, இரு. ... வாங்க. ... ம், முடிஞ்சுது. ... நல்லாத் தெரியுதுங்க. ... சொல்லியாச்சு, நாளைக்குக் கிடைச்சிடும். ... ஆமா, வாங்கக்கூடாதுன்னீங்க. வாங்குறேன். ... கத்தாதீங்க, கடை இது. உங்க தம்பியையும் உள்ள கூப்பிடுங்க. ... எதுக்கா? பந்து விழுந்த கதையை அவருக்குப் பாதியிலயே நிறுத்திட்டீங்களே. எனக்குக் கோடு தெரியலன்னு எச்.எம்.கிட்ட நானே சொல்லப் போறேன். அதையும் சேர்த்துல்ல நடிச்சுக் காட்டணும்? ... தெருவுக்கு அந்தப் பக்கம் நின்னு எதுக்கு, இங்கயே நில்லுங்க. நடிங்க. நான் பார்க்கிறேன்.

... அக்கா, நீ வை. அப்புறம் பேசுறேன்.